பூச்சின் மேல் போட்ட கோடு

காலை பத்தரை மணிக்கு வந்த அந்தப் பெண் நாற்காலியில் உட்கார மறுத்தாள்.

"உட்கார்ந்தா எந்திரிக்க முடியல" என்றாள். "எட்டு நாளா இப்படித்தான் இருக்கு."

அதைக் கேட்டதும் ஊசியும் எழுந்து நின்றாள். ஊசி என்பது ஊர் வைத்த பட்டப்பெயர். ஐம்பத்திரண்டு வயது, ஒல்லியான உடம்பு, தொட்டால் குத்தும் பேச்சு. இருபது வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் பொய் விபத்துகளைத் துருவிக்கொண்டிருந்தவள், இப்போது ஒரு மாடி அறையில் துப்பறியும் நிலையம் நடத்துகிறாள். அவளுடைய உதவியாளன் பெயர் ரேடியோ. அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை அவனோடு இரண்டு நிமிடம் இருந்தவர்கள் கேட்பதில்லை.

"அப்ப நாங்களும் நின்னுக்கறோம்" என்றான் ரேடியோ. "இந்த நாற்காலிக்கும் ஒரு நாள் லீவு கிடைச்ச மாதிரி இருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. மருத்துவமனையின் பெயர் அச்சடித்த பாலிதீன் பை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். முடிச்சு போட்ட பை, பிரிக்கப்படாமல் இருந்தது.

"என் வீட்டுக்காரர் லேத் ஆபரேட்டர். எலும்பு முறிஞ்சவங்களுக்கு உள்ள வைக்கிற டைட்டானியம் கம்பி கடையற கம்பெனி. போன வாரம் அவர் மெஷின்ல தீப்பிடிச்சிடுச்சு. அவர் ஐசியூல இருக்கார். இன்னும் கண்ணைத் திறக்கல. அந்தத் தீயில ஒருத்தர் செத்துட்டார்."

"யாரு?"

"என் தம்பி."

ரேடியோ தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினான்.

"அவனும் அங்கதான் வேலை பார்த்தான். டூல் ஸ்டோர் கீப்பர். முப்பத்திநாலு வயசு. என் வீட்டுக்காரர்தான் சிபாரிசு பண்ணிச் சேர்த்துவிட்டார். இன்னைக்கு மூணு மணிக்கு விசாரணை. தீக்குக் காரணம் என் வீட்டுக்காரர்னு எழுதி முடிக்கப் போறாங்க. எழுதிட்டா போலீஸ் கேஸ். அவர் கண்ணைத் திறந்தா கட்டில்லயே கைது பண்ணுவாங்களாம். எங்கம்மா என் முகத்தைப் பார்க்கறதில்ல. 'உன் புருஷன் என் புள்ளையைக் கொன்னுட்டான்'னு ஒரே ஒரு தடவை சொன்னாங்க. அதோட பேச்சு நின்னு போச்சு."

"நீ என்ன நினைக்கறே?" என்றாள் ஊசி.

"தெரியல மேடம். அதான் வந்தேன். அவர் பண்ணலன்னா காப்பாத்துங்க. பண்ணியிருந்தா, அதை என்கிட்ட மட்டும் சொல்லிடுங்க. ஐசியூ வாசல்லயே கிடக்கறேன். உள்ள படுத்திருக்கிறது யாருன்னு தெரியாம எப்படிக் காத்திருக்கிறது?"

ஊசி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலரை மணி நேரம் இருந்தது.

"கிளம்பு. வண்டியில போகும்போது மீதியைச் சொல்லு."

வண்டியில் அவள் சொன்னாள். கணவன் வாயிலிருந்து தினம் கேட்ட விஷயம் என்பதால் தடுமாறாமல் சொன்னாள். டைட்டானியம் ஒரு பிடிவாதக்கார உலோகம். மற்ற உலோகங்களை வெட்டினால் சூடு பெரும்பாலும் சீவலோடு, அதாவது உரிந்து வரும் சுருளோடு, போய்விடும். டைட்டானியத்தில் போகாது. வெட்டும் முனையிலேயே உட்கார்ந்துகொள்ளும். சூடேறிய சீவல் முனையில் பசை மாதிரி ஒட்டும். அதற்காகத்தான் இரண்டு வருடத்துக்கு முன் கம்பெனி புது 'டிப்' வரவழைத்தது. கார்பைடு என்னும் மிகக் கெட்டியான பொருளால் ஆன, நகம் அளவுள்ள சதுரத் துண்டு. நாலு மூலையும் வெட்டும் முனை. ஒவ்வொரு மூலையிலும் முடியை விட மெல்லிய கோடுகளை வரிசையாகப் பள்ளமெடுத்திருக்கும்.

"அந்தக் கோட்டுக்குள்ள எண்ணெய் தங்கும். சீவல் ஒட்டாம வழுக்கிட்டுப் போயிடும். அதனால முன்ன மாதிரி எண்ணெயைக் கொட்ட வேண்டாம், பனி மாதிரி தெளிச்சாலே போதும்னு மாத்திட்டாங்க. அன்னைக்கு என் வீட்டுக்காரர் கோடு போட்ட டிப்புக்குப் பதிலா மொட்டை டிப்பை மாட்டி ஓட்டினாராம். கொஞ்சூண்டு எண்ணெயில மொட்டை டிப் ஓடினா சீவல் கனன்றுடும். குவிஞ்சு கிடந்த சீவல் மொத்தமும் பத்திக்கிச்சு. எரிஞ்ச மெஷின்லயும் தட்டுலயும் நாலு டிப் கிடைச்சுது. நாலும் மொட்டை. ஸ்டோர்ல இருந்த கோடு போட்ட டிப் பெட்டியைக் காணோம். அதை இவர்தான் வெளியில வித்துட்டாராம்."

"இவரு விப்பாரா?"

"மிச்சமான ஆணியைக்கூட வீட்டுக்கு எடுத்துட்டு வரமாட்டார் மேடம். ஆனா கிடைச்சது மொட்டைதானே? அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

தொழிற்சாலை மேனேஜர் அவர்களை வாசலிலேயே நிறுத்திப் பேசினார். உடம்பில் ஏறிய பிறகும் இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. இறந்தவரின் குடும்பம், குற்றம் சாட்டப்பட்டவரின் குடும்பம் இரண்டும் ஒன்றாகவே இருந்ததில் அவருக்கு எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அனுதாபம் இருக்கும்மா. ஆனா விசாரணைக்குன்னு ஒரு முறை இருக்கு. ஒரு மணி வரைக்கும் பாருங்க. அப்புறம் ரூமைப் பூட்டணும்."

"எல்லாம் எரிஞ்சதுக்கு அப்புறம் பூட்டறதுல ஒரு வசதி சார்" என்றான் ரேடியோ. "எதுவும் தொலையாது."

இயந்திரம் கரிந்த அலமாரி மாதிரி நின்றது. அதன் காலடியில் மணல் மேடு. தண்ணீர் ஊற்றினால் இன்னும் கொழுந்து விடும் தீ அது. மணலைக் கொட்டித்தான் அணைத்திருந்தார்கள். தரையில் சாக்பீஸால் இரண்டு இடங்களைக் குறித்திருந்தார்கள். அந்தப் பெண் அவற்றைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தாள்.

இயந்திரத்தின் பக்கவாட்டில், உருகி வழிந்த ஒரு சிவப்புப் பொத்தானை ஊசி காட்டினாள். "அவசரத்துக்கு நிறுத்தற பொத்தான். இதை யார் அமுக்கினது?"

"ஆபரேட்டர்தான். கம்ப்யூட்டர்ல பதிவாகியிருக்கு. பதினொண்ணு பதினெட்டுக்கு மெஷின் நின்னிருக்கு. பதினொண்ணு இருபதுக்குத் தீ மணி அடிச்சிருக்கு."

"ஆபரேட்டர் எங்க விழுந்து கிடந்தார்?"

மேனேஜர் இயந்திரத்தின் மறுகோடியைக் காட்டினார். எண்ணெய் பம்பு பக்கம்.

"இவ தம்பி?"

"இங்க. பொத்தானுக்குக் கீழ. தீயைப் பார்த்து ஓடி வந்திருக்கான், பாவம்."

ஊசி ரேடியோவைப் பார்த்து டூல் ஸ்டோர் கவுண்டர் பக்கம் கண் காட்டினாள். அவன் அங்கிருந்து பொத்தான் வரை நடந்து பார்த்துவிட்டு, "முப்பத்திரண்டு எட்டு" என்றான். அவள் அதைக் குறித்துக்கொண்டாள்.

தரப் பரிசோதனை அறையில் இருந்த அம்மாளை எல்லோரும் 'மைக்ரான்' என்று கூப்பிட்டார்கள். ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, பிசகினாலும் கம்பியைத் திருப்பி அனுப்பிவிடும் மனுஷி. இருபத்தாறு வருட அனுபவம்.

"ஆபரேட்டர் எப்படிப்பட்டவர்?" என்றாள் ஊசி.

"பால் குடிக்கற குழந்தை வாயைத் துடைக்கற மாதிரி டிப்பைத் துடைப்பார். ஆனா நான் ஆளை நம்பறதில்லைங்க. அளவைத்தான் நம்புவேன்."

"சரி, அளவே பேசட்டும். அன்னைக்கு ஸ்டோர்ல இருந்து எத்தனை டிப் கொடுத்தாங்க?"

மைக்ரான் ஸ்டோர் ரிஜிஸ்டரைத் திருப்பினாள். அந்தப் பெண் தன் தம்பியின் கையெழுத்தைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாய்ந்த எழுத்தில் 'ஐந்து' என்று இருந்தது.

"கிடைச்சது நாலு. அஞ்சாவது எங்கே?"

"தீயில போயிருக்கும்னு விட்டுட்டாங்க."

"கார்பைடு எரியுமா?"

மைக்ரான் ஒரு வினாடி யோசித்தாள். "எரியாது. கறுக்கும். ஆனா காணாமப் போகாது."

"மணலைக்கூடச் சலிச்சிருக்காங்க. அதுலயும் இல்லை. அப்ப அது இந்தக் கட்டடத்தை விட்டு வெளிய போயிருக்கு." ஊசியின் பார்வை மெல்ல அந்தப் பெண்ணின் கையில் இருந்த பாலிதீன் பைக்கு வந்தது. "உள்ள என்ன இருக்கும்மா?"

"அவரோட சாமான். ஆஸ்பத்திரியில கழட்டிக் கொடுத்தாங்க."

"இன்னும் பிரிக்கலயா?"

"பிரிச்சா அவர் வரமாட்டார்னு தோணுது."

யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. கடிகாரம் மட்டும்தான் அவசரப்படுத்தியது. பன்னிரண்டே கால். கடைசியில் அவளே உட்கார்ந்தாள். அவளே முடிச்சை அவிழ்த்தாள். கண்ணாடியில் விரிசல் விட்ட கைக்கடிகாரம். சாவிக்கொத்து. தோல் ஏப்ரனுக்குள் இருந்ததால் தப்பிய சட்டைப்பையில் கிடந்த சில்லறைச் சாமான்கள். ஒரு பேனா, மடித்த காகிதம் ஒன்று. காகிதத்தை விரித்ததும் மேஜையில் ணங்கென்று விழுந்தது ஒரு சின்னச் சதுரம்.

தங்க நிறம். ஒரு மூலை மட்டும் தேய்ந்து கறுத்திருந்தது.

மைக்ரான் அதை நுண்ணோக்கியில் வைத்தாள். திரையில் அது ஒரு மைதானம் அளவுக்கு விரிந்தது. பயன்படுத்தாத மூன்று மூலைகளிலும் வரிவரியாகக் கோடுகள்.

"கோடு இருக்கு" என்றாள் மைக்ரான்.  "இவர் மொட்டை டிப் மாட்டல."

அந்தப் பெண் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா தேய்ஞ்ச மூலையில ஒரு கோடுகூட இல்லையே" என்றாள் ஊசி. "தேய்ஞ்சா போயிடுமா?"

"போகக் கூடாது. அதான் எனக்கும்..." மைக்ரான் டிராயரிலிருந்து போன மாதத்து டிப் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். "இது கோடு இல்லைங்க. கோடு மாதிரி. நிஜமானது வாய்க்கால் மாதிரி ஆழமா இருக்கும். இதுல மேல இருக்கிற தங்கப் பூச்சை மட்டும் கீறியிருக்காங்க. சாதா மொட்டை டிப்பு மேல கீறினது. தீயில பூச்சு எரிஞ்சா கோடும் சேர்ந்து போயிடும். அதான் மத்த நாலும் மொட்டையா கிடைச்சிருக்கு."

"பபுள்கம் வாங்கினா கொடுக்கற ஸ்டிக்கர் பச்சைக்குத்து மாதிரி" என்றான் ரேடியோ. "குளிக்கற வரைக்கும் ரவுடி."

மைக்ரான் இன்னொரு அலமாரியைத் திறந்தாள். ஒவ்வொரு நாளும் முதலில் கடையும் மூன்று கம்பிகளையும் அவற்றின் சீவலையும் உறையில் போட்டுத் தன்னிடம் வைத்துக்கொள்வது அவள் வழக்கம். தீ நாளின் உறை அங்கே பத்திரமாக இருந்தது. யாரும் கேட்கவில்லை, அதனால் அவளும் கொடுக்கவில்லை.

"சீவல் டிப் மேல உரசிக்கிட்டுத்தான் வெளிய வரும். டிப்புல இருக்கிற வரி சீவலோட அடிப்பக்கத்துல கீறல் போடும். கைரேகை மாதிரி."

முதல் கம்பியின் சீவலைத் திரையில் காட்டினாள். அடிப்பக்கம் முழுக்க இணையான கீறல்கள். இரண்டாவது கம்பியின் சீவலில் கீறல் மங்கியிருந்தது. மூன்றாவதில் துடைத்த மாதிரி ஒன்றுமில்லை, ஓரம் மட்டும் சூட்டில் நீலம் பூத்திருந்தது. போன மாதத்து உறை ஒன்றில், முந்தின நாளே மாட்டிய டிப் அறுபதாவதாகக் கடைந்த கம்பியின் சீவல்கூட முதல் சீவல் மாதிரியே கீறலோடு இருந்தது.

"மூணு கம்பியிலேயே கோடு அழிஞ்சு போச்சு" என்றாள் ஊசி மைக்ரானிடம். "அவர் அதைக் கவனிச்சிருக்கார். கழட்டிக் காகிதத்துல மடிச்சுப் பையில வெச்சது, சாப்பாட்டு நேரத்துல உங்ககிட்ட காட்டறதுக்கு. ஒரு டிப் சரியில்லைன்னு நினைச்சு அடுத்ததை மாட்டிட்டார். பெட்டியே சரியில்லைன்னு யாருக்குத் தோணும்?"

அந்தப் பெண் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எட்டு நாளில் அதுதான் முதல் அழுகை போலிருந்தது.

ஊசி காத்திருந்தாள். பிறகு சொன்னாள்: "இன்னும் முடியலம்மா. இதை மூணு மணிக்குக் காட்டினா, 'ஒரிஜினலை வித்துட்டு அவரே கோடு போட்டுக்கிட்டார்'னு திருப்பிடுவாங்க. போட்டது யாருன்னு வேணும்." அவள் மறுபடி திரையைப் பார்த்தாள். "ஒவ்வொரு கோட்டுக்கும் தலைப்பக்கம் ஒரு தடிச்ச புள்ளி இருக்கே, அது என்ன?"

"லேசர்ல போட்டிருக்காங்க. கிளம்பற இடத்துல லேசர் ஒரு கணம் தயங்கினா அங்க புள்ளி விழும். மட்டமான மெஷின். நாங்க டிப் வாங்கற இடத்துல இப்படி..." மைக்ரான் பாதியில் நிறுத்தினாள்.

தன் மேஜையில் இருந்த எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். அதில் 'இருபத்தைந்து ஆண்டு சேவை' என்று பொறித்திருந்தது. அதைப் படுக்க வைத்து நுண்ணோக்கிக்குக் கீழே நகர்த்தினாள். திரையில் 'இ' தெரிந்தது. அது தொடங்கும் இடத்தில் ஒரு தடித்த புள்ளி. 'ரு'விலும். 'ப'விலும்.

"ஒரே மெஷின்" என்றாள் ஊசி.

"கம்பெனிக்குக் கேடயம், கோப்பையெல்லாம் செஞ்சு தர்ற கடைங்க. மார்க்கெட்டுக்குப் பின்னாடி."

"ஆர்டர் கொடுக்கறது யாரு?"

"மேனேஜர் ஆபீஸ்."

நாலு பேரும் ஒரே நேரத்தில் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே பார்த்தார்கள். மேனேஜர் மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு அந்தச் சட்டை மேல முதல்லயே சந்தேகம்" என்றான் ரேடியோ. "இந்த வெயில்ல அவ்வளவு மடிப்பு நேர்மையான ஆளுக்கு நிக்காது."

கேடயக் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்துதான் உள்ளே போக வேண்டியிருந்தது. அலமாரி நிறையப் பெயர் பொறிக்காத கோப்பைகள். உள்ளே ஒரு மூலையில் மூடி போட்ட லேசர் இயந்திரம். அதன் மேல் ஒரு வாரத் தூசி.

"கடை லீவுங்க" என்றார் கடைக்காரர். சவரம் செய்யாத முகம்.

"ஒரே ஒரு கேடயம் போதும்" என்றான் ரேடியோ. "எட்டு நாளா வாயைத் திறக்காம இருந்ததுக்குப் பரிசு. பேரு பொறிக்க வேண்டாம். யாருக்குன்னு அவருக்கே தெரியும்."

கடைக்காரர் வெளிறிப் போனார். ஊசி அந்தத் தங்க நிற டிப்பைக் கவுண்டர் கண்ணாடியின் மேல் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். பின்னாலிருந்த ஸ்டூலைக் கையால் தேடி உட்கார்ந்தார்.

"கண்காட்சியில வைக்கறதுக்குன்னு சொன்னாருங்க. சத்தியமா மெஷின்ல மாட்டுவாங்கன்னு எனக்குத் தெரியாது."

"சொன்னது யாரு? மேனேஜரா?"

"மேனேஜரை நான் பார்த்ததே இல்லைங்க. எப்பவும் கேடயம் எடுத்துட்டுப் போக வருவாரே, அவர்தான். ரொம்ப மரியாதையான ஆளு. அன்னைக்கு மட்டும் ஒரு மாதிரி பதட்டமா இருந்தார். பேசப் பேசக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே இருந்தார்."

ஊசி அடுத்த கேள்வியைக் கேட்பதற்கு முன் அந்தப் பெண் கேட்டாள்.

"சட்டையோட கீழ் ஓரத்துலயா?"

"ஆமாங்க. உங்களுக்கு எப்படி..."

அவள் அலமாரியில் இருந்த கோப்பைகளில் எதையோ உற்றுப் பார்ப்பது போல நின்றாள். ரேடியோ அவளையும் ஊசியையும் மாறி மாறிப் பார்த்தான். 

"முழுசா சொல்லுங்க" என்றாள் ஊசி. "இவங்க அவரோட அக்கா."

கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். அப்புறம் நின்றபடியே சொன்னார். தீப்பிடிப்பதற்கு நாலைந்து நாள் முன், புது டிப் பெட்டியை மேல் தட்டிலிருந்து எடுக்கும்போது அவர் கை தவறி சிமெண்ட் தரையில் விழுந்துவிட்டதாம். கார்பைடு கெட்டிதான், ஆனால் விழுந்தால் கண்ணாடி மாதிரி சிதறும். பத்தில் ஒன்றுகூட முழுதாகத் தேறவில்லை. வேறு பெட்டி வர ஆறு வாரம் ஆகும். அவர் ஏற்கெனவே இரண்டு தடவை ஏதோ தவறு செய்து எச்சரிக்கை வாங்கியிருந்தாராம்.

"'வேலை போனா போகட்டும்ணே, ஆனா மாமா சொல்லித்தான் சேர்த்துக்கிட்டாங்க, அவர் பேரு கெட்டுப் போயிடும்'னார். அப்ப எனக்கு அது புரியல. கண்காட்சிக்கு எதுக்கு மாமா பேருன்னு கேட்கத் தோணல. மாதிரிக்கு உடைஞ்ச டிப் ஒண்ணு கொடுத்தார். பார்த்துப் பார்த்துக் கோடு போட்டேன்." டிராயரைத் திறந்து ஒரு சின்ன டப்பாவை நீட்டினார். உள்ளே மூலை சிதறிய டிப். கோடுகள் மட்டும் ஆழமாக, அப்படியே இருந்தன.

"இதுக்கா எட்டு நாள் கடையை மூடினீங்க?" என்றாள் ஊசி. "வேற ஏதோ இருக்கு."

கடைக்காரர் தலையைக் குனிந்தார். "அன்னைக்குக் காலையில போன் பண்ணினாருங்க. 'நீங்க போட்ட கோடு எவ்வளவு நேரம் தாங்கும்'னு கேட்டார். எதுக்குன்னேன். 'மெஷின்ல ஓடிக்கிட்டிருக்கு'ன்னார். எனக்குத் தூக்கி வாரிப் போட்டுது. அது பூச்சு மேல போட்ட கோடுங்க, உரசினா பத்து நிமிஷம்கூட நிக்காதுன்னேன். போனைக்கூட வைக்கல. ஓடற சத்தம் கேட்டுது. அப்புறம் கட் ஆயிடுச்சு."

"எத்தனை மணிக்கு?"

அவர் தன் போனைத் தேடி எடுத்துக் காட்டினார். அழைப்பு வந்தது பதினொன்று பதினாறு. பேசியது ஒரு நிமிடம் நாற்பது வினாடி.

வெளியே வந்ததும் அந்தப் பெண் வண்டியில் ஏறாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவரைக் காப்பாத்தணும்னா என் தம்பியைக் கொடுக்கணும். அதானே மேடம்? செத்தவனைத் திரும்பவும் எடுத்துட்டுப் போய் அவங்க முன்னாடி வைக்கணும்."

"ஆமா" என்றாள் ஊசி.

"நான் பேசாம இருந்துட்டா?"

"உன் வீட்டுக்காரர் மேல எழுதிடுவாங்க. மூணு மணி தாண்டினா நான் திருப்ப முடியாது." ஊசி கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா நீ கேட்டது அது மட்டும் இல்லையே. தெரியணும்னு கேட்டே. அதுல இன்னும் ஒரு விஷயம் பாக்கி இருக்கு. மெஷின் நின்னது பதினொண்ணு பதினெட்டு. தீ மணி அடிச்சது இருபது. பொத்தானை உன் வீட்டுக்காரர் அமுக்கல. அவர் அந்தக் கோடியில இருந்தார். முப்பத்திரண்டு எட்டு ஓடி வந்து அமுக்கினது உன் தம்பி. தீயைப் பார்த்து ஓடி வரல. அப்ப தீயே கிளம்பல. தன் தப்பு என்ன பண்ணப் போகுதுன்னு தெரிஞ்சதும், யாரு பார்ப்பாங்க, என்ன ஆகும்னு யோசிக்காம ஓடியிருக்கான். சீவல் அடியில ஏற்கெனவே கனன்றுக்கிட்டு இருந்திருக்கு. அவன் கொஞ்சம் பிந்திட்டான், அடுத்த ரெண்டு நிமிஷத்துல பத்திக்கிச்சு."

அந்தப் பெண் கதவிலிருந்து கையை எடுத்தாள்.

"அம்மாகிட்ட நீங்க சொல்லாதீங்க" என்றாள் கடைசியில். "நான் சொல்றேன்."

இரண்டு நாற்பதுக்கு அவர்கள் தொழிற்சாலையின் நிர்வாகக் கட்டடத்தில் ஏறினார்கள். மூன்றாவது மாடி வராந்தாவில் ஒரு நீளமான பெஞ்சு. அதன் கோடியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் மகனுடைய அடையாள அட்டை. மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் இன்னும் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள்.

ஊசியும் ரேடியோவும் படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கினார்கள். மகள் பேசுவது கேட்கவில்லை. உதடுகள் அசைவது மட்டும் தெரிந்தது. பாதியில் அம்மா, "பொய்" என்று உரக்கச் சொன்னாள். "செத்தவன் எந்திரிச்சு வந்து மறுக்கவா போறான்? உன் புருஷனுக்காக என்ன வேணாலும் சொல்லுவே நீ."

மகள் நிறுத்தவில்லை. டிப் பெட்டி விழுந்ததைச் சொன்னாள். கேடயக் கடையைச் சொன்னாள். 'மாமா பேரு கெட்டுப் போயிடும்' என்று அவன் சொன்னதைச் சொன்னாள்.

அந்த வார்த்தைக்கு அம்மாவின் முகம் மாறியது.

"எப்ப விழுந்துச்சாம் அந்தப் பெட்டி?"

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடிம்மா. தீக்கு நாலஞ்சு நாள் முன்னாடி."

"அந்த நாலஞ்சு நாளும் அவன் தட்டுல கை வைக்கல" என்றாள் அம்மா. யாரிடமோ சொல்வது மாதிரி சொன்னாள். "கேட்டதுக்கு வயிறு சரியில்லம்மான்னான். நான் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். முழுங்கினான். வேற ஒண்ணும் கேட்கல நான்."

அதற்குப் பிறகு மகள் அந்த போனைச் சொன்னாள். ஓடிய சத்தத்தைச் சொன்னாள்.

"வாசல் எந்தப் பக்கம் இருக்கு, அந்தக் கட்டடத்துல?"

"ஸ்டோருக்குப் பக்கத்துலயேம்மா. ரெண்டடி."

"அவன் ஓடினது?"

"மெஷின் பக்கம்."

அம்மா அடையாள அட்டையின் கயிற்றை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். விசாரணை அறையின் கதவு திறந்தது. மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"ஆபரேட்டர் தரப்புல யாராவது பேசறதா இருந்தா வரலாம்."

மகள் எழுந்தாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள். எட்டு நாளில் முதல் தடவையாக மகளைத் தொட்டாள்.

"நான் பேசறேன்."

"அம்மா, நீங்க இறந்தவரோட..." என்று மேனேஜர் இழுத்தார்.

"ஆமா. அவனோட அம்மா. அதனாலதான் பேசறேன். என் புள்ளை பண்ணினதை வேற யாரும் சொல்லக் கூடாது. பண்ணினதையும் நான்தான் சொல்லணும், ஓடினதையும் நான்தான் சொல்லணும்." ஊசியின் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். "கொண்டா அதை."

ஊசி இரண்டு டிப்களையும் சீவல் உறையையும் அந்தக் கையில் வைத்தாள். அம்மா அவற்றை அடையாள அட்டையோடு சேர்த்து மூடிக்கொண்டாள்.   வாசல் வரை போனவள் நின்று மகளைப் பார்த்தாள்.

"நீ ஏன் இன்னும் உட்கார்ந்திருக்கே? ஆஸ்பத்திரிக்குப் போ. மாப்பிள்ளை கண்ணைத் திறந்தா பக்கத்துல ஆளில்லாம இருக்கக் கூடாது."

கதவு சாத்திக்கொண்டது. மகள் படிக்கட்டில் இரண்டு இரண்டு படியாக இறங்கி ஓடினாள். கீழே ரேடியோ அதற்குள் வண்டியைக் கிளப்பியிருந்தான்.